தறிக்குடோன் சத்தமும் அப்புச்சியின் கேசட்டும்

கேள்வி:

வணக்கங்க அண்ணா. எனக்கு ஊர் பல்லடம் பக்கம். வயது 24. பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் தறிக்குடோனைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரியில் கம்ப்யூட்டரில் பாட்டு மிக்ஸ் பண்ணிப் பழகுகிறேன். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) உடுக்கைப் பாட்டுக்காரர். 1988-ல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) பாடியதைப் பேட்டரி டேப் ரெக்கார்டரில் பதிந்த கேசட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. ஒன்றை மட்டும் யு.எஸ்.பி. கேசட் பிளேயர் வாங்கி எம்.பி.3-யாக ஏற்றினேன். பக்கத்துக் குடோனின் தறிச் சத்தத்தை நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எடுத்தேன். அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) போட்டுக் காட்டினால், “ஏஞ்சாமி, இது உங்கப்புச்சி குரலாட்டவே இல்லையே” என்று சொல்லிவிட்டார். எங்கே தப்பு? நடுவில் மாரியம்மன் கோயில் மணி வேறு அடிக்கிறது, அதையும் எடுக்க வழி உண்டா? பழைய டேப்பை ஓவனில் வைத்துச் சூடு பண்ண வேண்டும் என்கிறார்களே, செய்யலாமா? பீட்டில்ஸ் குழு ஏஐ வைத்து ஜான் லெனன் குரலைப் பிரித்தெடுத்ததுபோல் நாமும் செய்ய முடியுமா?

மாஸ்டரிங் (வெளியிடும் முன் பாட்டைக் கடைசியாகச் சரிசெய்வது), ரெஸ்டோரேஷன் (பழைய பதிவை மீட்பது) வேலையையே தொழிலாக எடுக்க ஆசை. அப்பா, “தறிக்குள்ள வளந்த காதை வெச்சுக்கிட்டு என்னத்தடா கேப்பே” என்கிறார். நல்ல ஸ்பீக்கருக்கு 4 லட்சம் கடன் வாங்கலாமா? சென்னைக்குப் போய்விட வேண்டுமா?

பதில்:

தம்பி, அமுச்சி சொன்னதுதான் சரி. நீங்கள் அனுப்பிய இரண்டு ஃபைல்களையும் ஹெட்போனிலும் கேட்டேன், ஸ்பீக்கரிலும் கேட்டேன். சுத்தம் செய்த ஃபைலை விடுங்கள், சுத்தம் செய்யாததிலேயே அது அப்புச்சி குரல் இல்லை. சாஃப்ட்வேரை நீங்கள் திறப்பதற்கு முன்பே குரல் மாறிவிட்டது.

வேகம்தான் காரணம். பேட்டரிக் கட்டை தீரத் தீர ரெக்கார்டரின் மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறிவிடும். பாட்டுக்காரர் அவசரப்படுவதுபோல் தெரியும், தொண்டையே சின்னதாகிவிட்டதுபோல் இருக்கும். உங்கள் ஃபைலில் பாட்டுக்குப் பின்னால் டியூப்லைட் சோக்கின் முனகல் கேட்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் அதன் இரு மடங்கில், அதாவது 100 ஹெர்ட்ஸில் முனகும். உங்கள் ஃபைலில் அது 106-ஐ ஒட்டி நிற்கிறது. ஆறு சதவீதம் வேகம் கூடினால் கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம் ஏறிப்போனதாகக் கணக்கு. ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தூரம் அது. நாற்பது ஐம்பது வருடம் கூடவே இருந்து கேட்ட காதுக்கு அது தெரியாமல் போகுமா?

அதற்காக உடனே ஆறு சதவீதம் இறக்கிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் தென்மாநில மின்தொகுப்பு 50-லேயே நிலையாக நின்றதில்லை. லோடு கூடினால் 48 வரைக்கும் இறங்கியதுண்டு. அப்புச்சி பாடிய ராத்திரி 48-ல் ஓடியிருந்தால் சோக் 96-ல் முனகியிருக்கும், அப்போது உங்கள் பிழை ஆறு இல்லை, பத்து சதவீதம். சோக்கை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

நீங்கள் எடுத்துப்போட நினைத்த கோயில் மணிதான் இங்கே உங்களுக்கு அளவுகோல். வெண்கல மணியின் நாதம் முப்பது, நாற்பது வருடத்தில் மாறாது. அதே மணி இன்னும் அங்கே தொங்குகிறதா என்று பூசாரியிடம் கேளுங்கள். உடைந்து மறுபடி வார்த்திருந்தால் பயனில்லை. அதே மணிதான் என்றால் பூசை நேரத்தில் போய் போனிலேயே பதிந்து வாருங்கள். இரண்டையும் சத்தத்தைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்தால் மணியின் நாதங்கள் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். கேசட்டில் உள்ள கோட்டின் அளவை இன்றைய கோட்டின் அளவால் வகுத்தால் வேகப் பிழை கையில் வந்துவிடும். பேட்டரி இறங்கிக்கொண்டே போயிருக்கும் என்பதால் பிழை பக்கம் முழுக்க ஒரே அளவில் இருக்காது. மணி அடித்த இடத்தில் இந்தக் கணக்கைப் பூட்டிவிட்டு, மற்ற இடங்களுக்குச் சோக்கின் கோடு மேலே ஏறும் போக்கை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். கடைசியில் சற்றே வேறுபட்ட மூன்று வேகங்களில் ஒரே பத்தியை வைத்து, எது எது என்று சொல்லாமல் அமுச்சிக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் கை காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் படித்துவிட்டு வந்த எஞ்சினியராக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவருக்கு அடுத்துதான்.

இரண்டாவது கோளாறு, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு. அசிமத் என்போம். பதிந்த மெஷினின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் ஓட்டும் ஹெட்டும் நிற்க வேண்டும். இம்மி பிசகினாலும் மேல்தொனி போய், போர்வைக்குள்ளிருந்து பாடுவதாகக் கேட்கும். நல்ல கேசட் டெக்கில் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாக வைத்துக்கொண்டு, ச, ஸ எழுத்துகள் எங்கே மிகத் தெளிவாக வருகின்றனவோ அந்த இடம்வரை மெல்லத் திருப்ப வேண்டும். கேசட்டுக்குக் கேசட், ஏன், பக்கத்துக்குப் பக்கம்கூட இது மாறும். இந்தத் திருகாணியில் கிடைக்கும் தெளிவை எந்த ஈக்வலைசரும் பின்னால் கொண்டுவந்து தராது. உங்கள் யு.எஸ்.பி. பிளேயரால் இதெல்லாம் ஆகாது. அதைப் பரணில் வைத்துவிடுங்கள்.

பழைய டெக் ஒன்று தேடுங்கள். உள்ளே ரப்பர் பெல்ட் உருகிப் பிசினாகிக் கிடக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பெல்ட் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த ஐட்லர் சக்கரம், உடைந்த புஷ் எல்லாம் கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் அளவு சொன்னால் கடைந்து தந்துவிடுவார்கள். மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரில் இருந்துகொண்டு உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உலகம் முழுக்க இன்று பெரிய கவலையே இதுதான். யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ.வும் சேர்ந்து 2019-ல் காந்த நாடா எச்சரிக்கை என்றே ஒரு திட்டம் தொடங்கின. நாடா அழிவதற்கு முன்பே ஓட்டுகிற மெஷினும், அதைப் பழுது பார்க்கிற ஆளும் இல்லாமல் போய்விடுவார்கள் என்பது அவர்கள் சொன்னது.

ஓவன் வேண்டவே வேண்டாம். 1970, 80-களில் வந்த சில ரகச் சுருள் நாடாக்களில் துகளைப் பிடித்து வைக்கும் பசை ஈரம் குடித்துக் கசியும். அவற்றை மட்டும், 50 முதல் 55 டிகிரிக்குள் கட்டுப்பாட்டுடன் பல மணி நேரம் சூடேற்றி ஓட்டுவது வழக்கம். வீட்டுக் கேசட்டுக்கு அந்த வியாதி அபூர்வம். மைக்ரோவேவ் ஓவனில் வைத்தால் அப்புச்சி அத்தோடு சரி. உங்கள் கேசட்டுகளுக்கு வரக்கூடியது பஞ்சுத் திண்டு கழன்றுபோவது, கேசட் ஓட்டின் உள்ளே சுருள் இறுகிச் சுற்ற மறுப்பது, பூஞ்சை. திருகாணி போட்ட நல்ல காலிக் கேசட் ஓடு ஒன்றுக்கு நாடாவை மாற்றினால் முதல் இரண்டும் தீர்ந்துவிடும். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு தனி இடத்தில் வைத்துப் பாருங்கள், நல்ல கேசட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஏற்றும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். ஸ்டீரியோவில் மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜி.பி. ஆகும், இன்றைக்கு அது ஒரு செலவே இல்லை. அந்தப் பச்சை ஃபைலில் எந்த வேலையும் செய்யாமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எம்.பி.3 என்பது காதுக்குத் தேவைப்படாது என்று தானே முடிவு செய்து சிலதைத் தூக்கி எறிந்துவிடுகிற வடிவம். ஏற்கெனவே இரைச்சலுள்ள பதிவில் அது எறிவது பெரும்பாலும் நமக்கு வேண்டியதைத்தான்.

இப்போது தறிச் சத்தத்துக்கு வருகிறேன். நாய்ஸ் ரிடக்ஷன், பாட்டில்லாத ஓர் இடத்தில் இரைச்சலின் சாயலைக் கற்றுக்கொண்டு பாட்டு முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கிறது. நாடாவின் “ஸ்ஸ்” மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு அது சரி. தறி அப்படி ஓடுவதில்லை, அடிக்கிறது. தறி ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நூற்றுக்கு மேல் அடி. ஒவ்வோர் அடியும் அடித்தொனியிலிருந்து மேல்தொனி வரைக்கும் பரவியிருக்கிறது. உடுக்கையின் அடியும் அப்படியே. இரண்டுக்கும் சாஃப்ட்வேருக்கு வித்தியாசம் தெரியாது. ‘டிக்’ சத்தங்களை எடுக்கும் டி-கிளிக்கும் நீங்கள் போட்டிருக்கிறீர்கள், ஒரு தடவை கேட்டாலே தெரிகிறது. உடுக்கையின் முதல் தட்டு எல்லா இடத்திலும் மழுங்கிவிட்டது. அடுத்த வரி எடுக்குமுன் அவர் இழுக்கிற மூச்சு போய்விட்டது. கல் பொறுக்கப் போய் அரிசியையும் சேர்த்துப் புடைத்துவிட்டீர்கள்.

நான் செய்வதாக இருந்தால் பாட்டு நடக்கும் இடத்தில் தறியைத் தொடமாட்டேன். பாட்டு நின்ற இடைவெளிகளில் மட்டும் கையால் 4, 5 டெசிபல் இறக்குவேன், அதற்கு மேல் இல்லை. நாடா இரைச்சலைக் கொஞ்சம் குறைப்பேன். ஹம் (மின்சார முனகல்) இருந்தால் அந்தக் கோட்டை மட்டும் நறுக்குவேன். தறி கேட்கத்தான் கேட்கும். கேட்கட்டுமே. தறிச் சத்தமில்லாத திண்ணை 1988-ல் உங்கள் ஊரில் எங்கே இருந்தது? அடுத்த தலைமுறை ஆள் ஒருவர் அதைக் கேட்டு, எந்தக் காலத்தில் எந்த வகைத் தறிக்குப் பக்கத்தில் பாடியிருக்கிறார் என்று சொல்லக்கூடிய ஒரே தடயமும் அதுதான்.

ஏஐ பற்றி. 2023-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட பாட்டு நீங்கள் சொன்னபடிதான். லெனன் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய கேசட்டிலிருந்து குரலை மெஷின் லேர்னிங் கொண்டு பிரித்தார்கள். அங்கே பிரித்தது பியானோவையும் மனிதக் குரலையும். அந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் லட்சம் தடவை கேட்டுப் பழகிய ஜோடி அது. உடுக்கையைக் கேட்டுப் பழகியவை அல்ல. உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தித் தளர்த்தும்போது அதன் தொனி குரல்போலவே ஏறி இறங்கும். அந்த இடத்தில் சாஃப்ட்வேர் தடுமாறி, உடுக்கையின் பாதியைக் குரலோடு ஒட்டிவிடும், குரலின் நுனியை உடுக்கையோடு எறிந்துவிடும். வார்த்தை புரியாத இடத்தில் என்ன பாடினார் என்று எழுதிக்கொள்வதற்காகப் பிரித்துக் கேளுங்கள், அதற்கு அருமையாக உதவும். வெளியிடும் ஃபைலில் அதைக் கலக்க வேண்டாம்.

தொழில் விஷயத்துக்கு முன்னால் காது. அப்பா சொன்னதில் பாதி நியாயம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காது கெடத் தொடங்கும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. விசைத்தறி ஓடும் குடோன் எந்த வரம்புக்குள் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தானே பேசுகிறீர்கள். சத்தத்தால் கெடும் காது முதலில் கெடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். உங்களுக்கே தெரியாது. நீங்கள் மாஸ்டர் செய்யும் ஒவ்வொரு பாட்டிலும் அந்த இடத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள், கேட்பவர்களுக்குக் காதைக் குத்தும். ஆகவே இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். குடோனுக்குள் காதடைப்பான் இல்லாமல் கால் வைக்காதீர்கள். அப்பாவுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். போட மாட்டார், தெரியும். வாங்கிக் கொடுங்கள். பள்ளம் சிறியதாக இருந்தால் அதன் அளவு தெரிந்துகொண்டு, மீட்டர் பார்த்து வேலை செய்யலாம். பெரியதாக இருந்தால் மாஸ்டரிங் வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லுவேன். அப்போதும் நாடாவைப் பழுது பார்ப்பது, ஏற்றுவது, ஆவணப்படுத்துவது எல்லாம் உங்களால் முடியும்.

அப்பா சொல்லாத இன்னொரு பாதியும் உண்டு. இருபது தறி ஓடும்போது அதில் ஒன்று பிசகினால் தலையைத் திருப்பாமலே எந்தத் தறி என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒரு சத்தத்தைத் தனியாகப் பின்தொடர்ந்து போகத் தெரிவதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பயிற்சி. பல பேருக்கு அதை வருடக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடன் வேண்டாம். ஒழுங்கில்லாத அறையில் 4 லட்சம் ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் அறையைத்தான் கேட்பீர்கள். முதலில் அறையைச் சரி செய்யுங்கள். ராக்வூல் (கல் நார்) பலகை வாங்கித் துணி சுற்றி மூலைகளிலும், ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே இரு பக்கச் சுவர்களிலும் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. முட்டை அட்டை ஒட்டுவது வெறும் அலங்காரம். திருப்பூர்ப் பக்கம் சிலர் பனியன் வேஸ்ட்டை அடைத்துச் சுவர் முழுக்க வைத்திருக்கிறார்கள். சத்தத்தை நன்றாகவே உறிஞ்சும், ஆனால் ஒரு ஷார்ட் சர்க்யூட் போதும். பஞ்சு எப்படிப் பிடிக்கும் என்று தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு நான் சொல்ல வேண்டுமா? நல்ல ஹெட்போன் ஒன்று, சுமாரான ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பழைய டெக், நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ். இதோடு இரண்டு வருடம் ஓட்டுங்கள்.

வருமானம் எப்படி என்றால், ஒரே மாதிரி வராது. மாஸ்டரிங் வேலை இங்கே நோம்பி (திருவிழா) சீசனை ஒட்டித்தான் குவியும். பங்குனி, சித்திரைக்கு முன்னால் அம்மன் பாட்டு, வள்ளி கும்மிப் பாட்டு, ஆடிக்கு இன்னொரு சுற்று. நடுவில் நகைக்கடை விளம்பரம், குறும்படம். எல்லோரும் சொல்வது ஒன்றே: “அண்ணா, இன்னுங் கொஞ்சம் சத்தமா வேணுங்.” ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தின் அளவு) வாக்கில் வைத்து, அதைவிடச் சத்தமான பாட்டைத் தாங்களே இறக்கிவிடும். நசுக்கி நசுக்கி ஏற்றிய பாட்டு அங்கே போய் உயிரில்லாமல் கிடக்கும் என்பதை அவர்கள் காதுக்கே போட்டுக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும். அதே பாட்டு கோயிலில் மைக்செட்காரரின் குழாய் ஸ்பீக்கரில் ஓடப்போகிறது என்றால் கணக்கே வேறு. அது அடித்தொனியை முழுக்க விழுங்கிவிடும், குரலையும் தாளத்தையும் நடுத்தொனியில் நிறுத்தித் தனியாக ஒரு மாஸ்டர் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. கேட்காமலே கொடுத்தால் அடுத்த நோம்பிக்கும் உங்களிடம் வருவார்கள்.

ரெஸ்டோரேஷனுக்கு ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். ஒரு மணி நேர நாடாவை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகியே தீரும். முன்னால் தயார் செய்வது, பின்னால் சரிபார்த்துக் குறிப்பெழுதுவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். சுத்தம் செய்யும் வேலை அதற்கும் மேல். கேசட்டுக்கு இவ்வளவு என்று ரேட் சொல்லாதீர்கள், மணிக்கணக்கில் சொல்லுங்கள். ஏற்றித் தருவது ஒரு ரேட், சுத்தம் செய்வது தனி ரேட். நம்ம ஊரில் ரேட் பேசக் கூச்சப்பட மாட்டார்கள், நீங்களும் கூச்சப்படாதீர்கள். காது களைத்த பிறகு செய்த வேலையை மறுநாள் காலையில் திரும்பச் செய்ய நேரும் என்பதால், கேட்கும் வேலையைக் காலையிலும் ஏற்றும் வேலையை மதியத்திலும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சென்னை? மாஸ்டரிங்குக்கு ஃபைல்தான் பயணம் போகிறது, ஆள் போக வேண்டியதில்லை. ஓரிரு வருடம் நல்ல ஆளிடம் உதவியாளாக இருந்து பழகப் போவதாக இருந்தால் போய்வாருங்கள். ரெஸ்டோரேஷனுக்கு இங்கிருப்பதே பலம். தாராபுரம், காங்கேயம், கோபி என்று வீட்டுப் பரண்களில் கிடக்கும் உடுக்கைப் பாட்டும், கல்யாண மங்கல வாழ்த்தும், ஒப்பாரியும் சென்னைக்குப் போகாது. 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை நாடாவில் பதிந்தார். யார் பாடினார், எந்த ஊரில் என்ற விவரத்தோடு அது இருப்பதால்தான் இன்றும் ஆய்வுக்கு உதவுகிறது. பாட்டுக்காரருக்குப் பாட்டுக்காரர் கதை மாறும். உங்கள் அப்புச்சி பாடியது இன்னொரு பாடம். அமுச்சி பக்கத்தில் உட்கார்ந்து, பின்பாட்டுப் பாடியவர் யார், எந்த மாதம், கதையின் எந்தப் பகுதி, ரெக்கார்டர் யாருடையது என்று கேட்டு ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு தாள் எழுதுங்கள். இதை ஏற்றும் வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

யூடியூபில் போடும் எண்ணமிருந்தால் பின்பாட்டுக்காரர் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு.

டெக் கிடைத்ததும் மணி அடிக்கிற அந்தக் கேசட்டை முதலில் ஏற்றி, பத்து நிமிடம் எனக்கு அனுப்புங்கள். வேவ் ஃபைலாக. எம்.பி.3 வந்தால் திறக்க மாட்டேன்.